நுரை வரல, புளிக்கல, எண்ணெய் பிரியல: மலையில கழிவைப் புளிக்க வைக்கிறவங்களுக்கு

இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல ஜூஸ் கடைக்காரங்க பொழுது சாயுறப்போ ரெண்டு மூணு பேக் அன்னாசித் தோல் கொட்டுவாங்க, வாழைப்பழக் கடையில கறுத்துப்போன சீப்பு கிடக்கும், நுவரெலியா பக்கம் பேரிக்காய் சீசன்ல அடிபட்ட காயை யாரும் எடுக்க மாட்டாங்க. அதுல வினாகிரி, கோயில்ல மிஞ்சுற தேங்காய் மூடியில எண்ணெய், கோவா (முட்டைக்கோஸ்) இலையில மாட்டுத் தீனி, இது மூணும் தான் நம்ம வேலை. போடுறது லேசு, போட்ட பிறகு தான் போன் வர ஆரம்பிக்கும். "அக்கா நுரையே வரல", "அக்கா மேல வெள்ளையா என்னவோ மிதக்குது, கொட்டிரவா?" இதையே தினம் கதைச்சு கதைச்சு வாய் வலிச்சுப் போனதால எழுதி வைக்கிறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். போன்ல பாக்குற வீடியோ எல்லாம் சென்னையிலயும் கொழும்புலயும் எடுத்தது, அங்க ராத்திரி கூட 25 டிகிரி கிட்ட இருக்கும். ஹட்டன் கிட்டத்தட்ட 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர், ஜனவரியில அங்க பனி விழுந்து புல்லே கருகிப் போகும். அவங்க பத்து நாள்னு சொன்னா நமக்கு அது மூணு கிழமை, சில நேரம் மாசம். அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் கொட்ட முதல் பெரல் மேல கையை வைங்க. ஜில்லுன்னு இருந்தா மத்ததெல்லாம் பிறகு பாக்கலாம்.

நான் சொல்ற கணக்கு எல்லாம் இந்த அளவுக்குத் தான்: அன்னாசித் தோல் 3 கிலோ, கொதிக்க வச்சு ஆத்துன தண்ணி 10 லீட்டர், சீனி 1 கிலோ, பாண் போடுற ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. இது முதல் கட்டம், மூடியில காத்து போக ஒரு டியூப் விட்டு மூடி வைக்கணும், நுரைச்சு அடங்கணும். ரெண்டாம் கட்டத்துல தோலை வடிச்சுட்டு, உயிருள்ள (புளிக்க வைக்கிற கிருமி சாகாம இருக்குற) பழைய வினாகிரி நாலுல ஒரு பங்கு சேர்த்து, வாய் அகலமான ஏனத்துல துணி கட்டி காத்துப் பட வைக்கணும். உங்க அளவு வேறன்னா கணக்கைக் கொஞ்சம் மாத்திப் பாத்துக்கங்க.

நாலு நாளாச்சு, நுரையே வரல

முதல்ல உண்மையிலயே வரலயான்னு பாருங்க. மூடி சரியா இறுகலன்னா காத்து பக்கவாட்டால போயிரும், டியூப்ல குமிழி தெரியாது. காதை வச்சுக் கேளுங்க, சோடாவைக் கிளாஸ்ல ஊத்துனப்போ வர்ற மாதிரி சின்னதா ஒரு கிசுகிசு சத்தம் வந்தா அது வேலை செய்யுது, மூடிக்குக் கீழ ரப்பர் வளையத்தை மாத்துங்க, அவ்ளோ தான்.

சத்தமும் இல்லயா? தெர்மாமீட்டரை உள்ள விடுங்க. 18 டிகிரிக்குக் கீழன்னா ஈஸ்ட் சோம்பிப் போய் கிடக்கு, செத்துப் போகல. அடுப்படிக்குக் கொண்டு போங்க, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறப்போ தலையில போடுற பழைய கம்பளி இருக்குமே, அதை ரெண்டு சுத்து சுத்துங்க. நான் என்ன செய்றேன்னா மீன் கடையில ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி வாங்கி, நல்லாக் கழுவி வெயில்ல காய வச்சு, உள்ள 5 லீட்டர் கேனையும் ரெண்டு சுடுதண்ணிப் போத்தலையும் வைப்பேன், காலையும் மாலையும் தண்ணியை மாத்தினா போதும். பெரிய பெரலுக்கு அது சரிவராது, அதுக்கு அடுப்படிச் சுவர் தான்.

25 டிகிரி வந்தும் ஒரு நாள் முழுக்க அசைவே இல்லன்னா அடுத்தது ஈஸ்ட். ஒரு கப் இளஞ்சூடான தண்ணியில ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டும் போட்டு 15 நிமிசம் விடுங்க, நுரை தொப்பி மாதிரி எழும்பலன்னா அந்தப் பைக்கெட்டைக் குப்பையில போடுங்க. கடையில திறந்து வச்சு கரண்டியால அள்ளி விக்கிற ஈஸ்டுல பாதி இப்பிடித் தான், இங்க ஈரம் ஏறி சீக்கிரம் செத்துரும். எழும்பினா அந்தக் கப்பையே பெரல்ல ஊத்திருங்க.

ஈஸ்டும் நல்லதுன்னா தண்ணியை யோசிங்க. பீலித் தண்ணி, அதாவது மலை ஊத்துத் தண்ணின்னா பிரச்சினை இல்ல, டவுன் பைப் தண்ணியில குளோரின் இருக்கும், கொதிக்க வைக்காம ஊத்தியிருந்தா அது கொஞ்சம் அடக்கும். ஆனா அதை விட நான் கூடக் கண்டது சீனி. கை தாராளமா ஒரு அக்கா 10 லீட்டருக்கு 4 கிலோ போட்டுட்டாங்க, அது பாகு, அதுல ஈஸ்ட் மூச்சு விடாது. அதே அளவு தண்ணி இன்னும் சேர்த்து ரெண்டு பெரலாப் பிரிச்சாங்க, மறு நாள் நுரைச்சுது. கடைசியா, தோல் வந்த கடையில பழத்துக்கு மருந்து ஏதும் போடுறாங்களான்னு கேளுங்க. வெட்டின பழம் கறுக்காம இருக்க சல்பைட் போட்டிருந்தா அந்தத் தோலை வச்சு மல்லுக்கட்ட வேணாம், வேற கடை பாருங்க.

இதுக்கெல்லாம் வெளியாளைக் கூப்பிடத் தேவையில்ல, அதிகபட்சம் ஒரு கிலோ சீனி நட்டம்.

மேல ஏதோ படர்ந்திருக்கு

இதுக்குத் தான் போன் கூட வரும், இதுல தான் கொட்டக் கூடாததைக் கொட்டி, கொட்ட வேண்டியதை வச்சுக் கொள்றாங்க. போட்டோ அனுப்புறதை விட ஒரு கரண்டிக் காம்பால மெதுவாத் தூக்கிப் பாருங்க.

வழவழன்னு ஜெலி மாதிரி, ஒரே தகடா, பாலாடையை விட தடிப்பா, தூக்கினா முழுசா வருது, கிழிக்கப் போனா இழுபடுது: இது தாய். வினாகிரித் தாய், புளிக்க வைக்கிற கிருமி கட்டுற தகடு. சந்தோசப்படுங்க. என் கிட்ட ஒண்ணு இருக்கு, தோசை அளவுக்கு வட்டமா, ஒரு விரல் தடிப்பா, வெளிச்சத்துல பிடிச்சா தேத்தண்ணி நிறத்துல உள்ள கோடு கோடாத் தெரியும், எத்தினை பெரலுக்குப் பிச்சுக் குடுத்துட்டேன்னு கணக்கில்ல. இதைத் தாழ்த்த வேணாம், கலக்கவும் வேணாம், கீழ அமிழ்ந்தா மேல புதுசா ஒண்ணு கட்டும்.

வெள்ளையா, மா தூவின மாதிரி, சுருக்கம் சுருக்கமா, தொட்டா உடைஞ்சு கலங்கிப் போகுது, முடி எதுவும் இல்ல: இது மேல வளர்ற ஈஸ்ட். ஆபத்தில்ல, ஆனா ருசியைக் கெடுக்கும், பழைய துணி வாசம் வரும். வடிச்சு எடுத்துட்டு, பெரல் வாய் உட்பக்கத்தைச் சுத்தமான துணியால துடைச்சு, உயிர் வினாகிரி இன்னும் ஒரு கப் சேருங்க. திரும்பத் திரும்ப வந்தா புளிப்புக் குறைவுன்னு அர்த்தம், பிஎச் தாள் (புளிப்பை நிறத்தால காட்டுறது, எண் குறைஞ்சா புளிப்பு கூட) வச்சு 4க்குக் கீழ இருக்கான்னு பாருங்க. ஆரம்பத்துலயே நாலுல ஒரு பங்கு பழைய வினாகிரி ஊத்தச் சொல்றது இதுக்குத் தான், கஞ்சத்தனம் பண்ணி ஒரு போத்தலோட நிறுத்துறவங்களுக்குத் தான் இந்தப் படை வரும்.

பஞ்சு மாதிரி, முடி முடியா, பச்சை, நீலம், கறுப்பு, ரோஸ் நிறப் புள்ளி: பூஞ்சை. மேல எடுத்துட்டு அடியில உள்ளதை வச்சுக்கலாமான்னு கேப்பாங்க, வேணாம். பூஞ்சையோட நஞ்சு கீழயும் இறங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. முழுசாக் கொட்டி, ஏனத்தைக் கொதிதண்ணியில கழுவி, வெயில் வர்ற நாளாப் பாத்து காய வைங்க. வழமையாக் காரணம் என்னன்னா தோல் துண்டு தண்ணிக்கு மேல மிதந்து காய்ஞ்சு போறது. ஒரு பிளேட்டைக் கவுத்துப் போட்டு அழுத்தி வைங்க, ஒரு நாளைக்கு ஒரு தரமாவது அமுக்கி விடுங்க.

ஒரு தம்பி கேட்டார், கறுப்புப் பூஞ்சையில தானே சிட்ரிக் அமிலம் எடுக்குறாங்க, அப்ப இது நல்லது தானேன்னு. எடுக்குறாங்க தான், அஸ்பர்ஜிலஸ் நைஜர்னு ஒரு பூஞ்சை, 1917ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கரின்னு ஒருத்தர் அதுக்கு வழி கண்டுபிடிச்சார், இப்ப உலகத்துல விக்கிற சிட்ரிக் அமிலத்துல பெரும்பங்கு அந்த வழி தான். ஆனா அது தெரிஞ்செடுத்து வளர்த்த இனம், தொழிற்சாலைத் தொட்டியில சுத்தமா வளருது. நம்ம அன்னாசித் தோல்ல வந்த கறுப்பு எந்த ஊர்க் கறுப்புன்னு யாருக்குத் தெரியும். கொட்டுங்க தம்பி.

வாசம் சரியில்ல

நெயில் பொலிஷ் வாசம் வந்தா பயப்பட வேணாம். மதுவும் அமிலமும் சேர்ந்து வர்றது அது, காத்து போதாம இருந்தா கூடும். ஏனத்தோட வாய் அகலமா இருக்கான்னு பாருங்க. 20 லீட்டர் கேன்ல சின்ன வாய்க்குத் துணி கட்டி வச்சா ஆறு மாசம் ஆனாலும் இந்த வாசம் தான் வரும். பேசின் மாதிரி அகலமான பிளாஸ்டிக் வாளிக்கு மாத்துங்க, முக்கால்வாசிக்கு மேல நிரப்ப வேணாம், மூணு கிழமையில வாசம் தானாப் போயிரும்.

அழுகின முட்டை வாசம் முதல் கட்டத்துல வரும், ஈஸ்ட் கஷ்டப்படுது. அடியில தங்கின வண்டலை விட்டுட்டு மேல உள்ளதை வேற ஏனத்துக்கு உயரத்துல இருந்து ஊத்துங்க, காத்து படட்டும். முக்கால்வாசி நேரம் ரெண்டு நாள்ல சரியாகும்.

வாந்தி வாசம், இல்லன்னா பழைய வெண்ணெய் கெட்ட வாசம் வந்தா அது வேற கிருமி, பியூட்ரிக் அமிலம். அதுக்கு மருந்து இல்ல. கொட்டுங்க, கீரைப் பாத்தி பக்கமும் வேணாம், தூரமாக் கொட்டுங்க, நாய் எல்லாம் வந்து கிளறும்.

வாசத்தோட சேர்த்து நிறம் கறுத்து, நாக்குல இரும்பு ருசி வந்தா பானையைப் பாருங்க. அலுமினியம் சட்டி, இரும்பு வாளி, பித்தளை, எதுவும் கூடாது. இதை யாருக்கும் குடிக்கக் குடுக்காதீங்க.

ஒரு மாசம் ஆச்சு, புளிப்பு ஏறவே இல்ல

இது தான் பெரிய அறிகுறி, கிளை கூட.

ஊத்தின பழைய வினாகிரி என்ன? கடையில வாங்கினதா? போத்தலைத் திருப்பி லேபலைப் படிங்க. செயற்கை வினாகிரின்னு போட்டிருந்தா அது அசிட்டிக் அமிலத்தைத் தண்ணியில கலந்தது, அதுல ஒரு உயிரும் இல்ல. தென்னங்கள்ளு வினாகிரின்னு போட்டிருந்தாலும் சூடாக்கி அடைச்சதா இருந்தா அதுலயும் உயிர் இல்ல. நான் முதல் தரம் போட்ட 60 லீட்டர் பெரல் இப்பிடித் தான் நாசமாப் போச்சு, ரெண்டு மாசம் காத்திருந்து கடைசியில ஒரு கேவலமான அன்னாசி வைன் தான் மிஞ்சுச்சு, தோட்ட லயத்துல உள்ளவங்க கள்ளச் சாராயத்துக்குக் கோடா போடுறான்னு கதை கட்டினாங்க, எங்க மாமி ஒரு கிழமை என்னோட முகம் குடுத்துக் கதைக்கல. அந்தக் கதை சும்மா சிரிப்புக்கு இல்ல, அனுமதி இல்லாம மது காய்ச்சினா மதுவரித் திணைக்களம் வரும். அதனால முதல் கட்டம் நுரை அடங்கின உடனே வினாகிரித் தாயைச் சேருங்க, மது கட்டத்துலயே வச்சுக்கிட்டு இருக்க வேணாம், வடிக்கிற யோசனை கனவுலயும் வேணாம். உயிர் வினாகிரிக்கு ஏற்கெனவே போடுறவங்க கிட்டத் தாயைக் கேளுங்க, இல்லன்னா கித்துள் கள்ளு கிடைக்கிற ஊர்ல பழைய முறையில புளிக்க விட்ட வினாகிரி வாங்குங்க. அடியில கலங்கலா இருக்குற போத்தல் தான் நல்ல போத்தல்.

தாய் நல்லதுன்னா, சூடு. இந்தக் கிருமிக்கு 25ல இருந்து 30 டிகிரி பிடிக்கும், 15க்குக் கீழ போனா கிட்டத்தட்ட தூங்கிரும். நுவரெலியாவுல வெளி இஸ்தோப்புல (திண்ணையில) வச்சுட்டு ஏன் புளிக்கலன்னு கேட்டா நான் என்ன சொல்ல.

சூடும் சரின்னா காத்து. பொலித்தீன் கட்டி வச்சிருக்கீங்களா? அவிழ்த்துட்டு பருத்தித் துணி கட்டுங்க. ஈ உள்ள போற மாதிரி வலைத் துணி வேணாம், பழைய சேலைத் துணி ரெண்டு மடிப்பு போதும்.

காத்தும் சரின்னா சீனி. கணக்கு இப்பிடி: 2 சதவீதம் சீனி ஏறக்குறைய 1 சதவீதம் மதுவாகும், 1 சதவீதம் மது ஏறக்குறைய 1 சதவீதம் அமிலமாகும், நடுவுல கொஞ்சம் காத்தோட போகும். அப்ப 4, 5 சதவீதம் அமிலம் வேணும்னா ஆரம்பத்துல 10, 12 சதவீதம் சீனி இருக்கணும். சீனி விலைக்கு பயந்து பாதி போட்டவங்களுக்கு மூணு வருசம் வச்சாலும் 2 சதவீதம் தாண்டாது. இப்பச் சீனியைச் சும்மா கொட்டினா சரி வராது, தனியா சின்னதா ஒரு முதல் கட்டம் போட்டு, நுரை அடங்கினதும் அதைக் கலக்கணும். மறுபக்கம் மது கூடிப் போனாலும், 9 சதவீதத்தைத் தாண்டினா, வினாகிரிக் கிருமி திணறும், கொதிக்க வச்சு ஆத்துன தண்ணி சேர்த்து இறக்குங்க.

நல்லாப் புளிச்சது, பிறகு புளிப்பு குறைஞ்சு போச்சா? மது முடிஞ்ச பிறகும் திறந்து வச்சிருக்கீங்க. தின்ன வேற எதுவும் இல்லாட்டி அது அமிலத்தையே தின்ன ஆரம்பிக்கும். புளிப்பு உச்சத்துக்கு வந்ததும் துணியில வடிச்சு, 60ல இருந்து 65 டிகிரிக்கு சூடாக்கி, போத்தல் கழுத்து வரைக்கும் நிரப்பி மூடுங்க.

அளக்குறதுல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. பிஎச் தாள்ல 3 காட்டுது, அப்ப நல்ல வினாகிரி தானேன்னு கேப்பாங்க. பிஎச் வேற, பலம் வேற, 2 சதவீத வினாகிரியும் 5 சதவீத வினாகிரியும் தாள்ல கிட்டத்தட்ட ஒரே நிறம் தான் காட்டும். ஊறுகாய்க்கோ விக்கிறதுக்கோன்னா பலம் 4 சதவீதத்துக்கு மேல இருக்கணும், அதுக்கு டைட்ரேசன் பண்ணணும், அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு அமிலத்தை அளக்கணும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஏஎல் கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற சேரைப் பிடிங்க. 5 மில்லி லீட்டர் வினாகிரி, பினோல்ப்தலீன் ரெண்டு துளி, 0.5 மோலர் சோடியம் ஹைட்ரொக்சைட். ரோஸ் நிறம் நிக்கிற இடத்துல எத்தினை மில்லி லீட்டர் போச்சோ அதை 0.6ஆல பெருக்கினா சதவீதம். 7 மில்லி லீட்டர் போனா 4.2. எங்க சேர் முதல் நாள் பொடியன்களுக்கு அதையே பிரக்டிகலா வச்சுட்டார், 12 பேர் 12 விடை சொன்னாங்க, நடுவுல உள்ளதை எடுத்துக்கிட்டேன்.

இந்த இடத்துல தான் வெளியாள் தேவைப்படுது. வீட்டுக்குன்னா சேரோட கணக்கு போதும். கடைக்குக் குடுக்கப் போறீங்கன்னா முதல்லயே உங்க பகுதி பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிட்டக் கதைச்சுட்டு, ஒரு போத்தலை ஐடிஐ (கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம்) மாதிரி ஆய்வுகூடத்துக்குக் குடுத்து அறிக்கை எடுங்க. செய்முறை கேக்க கன்னொருவ உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கு, பேராதனைக்குப் பக்கத்துல தான், கண்டிக்குப் போற நாள்ல எட்டிப் பாக்கலாம்.

சின்னப் புழு நெளியுது

ஓரத்துல டோர்ச் அடிச்சா நூல் மாதிரி நெளிஞ்சா அது வினாகிரிப் புழு. ஆளைக் கொல்லாது, ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. கோப்பி வடிக்கிற தாள்ல வடிச்சு, முன்ன சொன்ன மாதிரி சூடாக்கினா முடிஞ்சுது. அந்தத் தாயை மட்டும் அடுத்த பெரலுக்குப் போட வேணாம். தடிப்பான வெள்ளைப் புழுன்னா அது ஈ முட்டை போட்டது, அதைக் கொட்டுறது தான்.

தேங்காய்ப்பால் வச்சு ஒரு நாளாச்சு, எண்ணெய் பிரியல

கோயில் திருவிழா முடிஞ்சா அர்ச்சனைத் தேங்காய் மூடி சாக்குக் கணக்குல மிஞ்சும், அதைத் தான் நான் எடுக்கிறேன். சிதறு தேங்காய் ரோட்டுல உடைஞ்சது, அதைத் தலைக்கு எண்ணெயா எடுக்கலாம், சாப்பாட்டுக்கு வேணாம். பச்சைப் பூஞ்சை பிடிச்ச மூடியை எதுக்கும் வேணாம். துருவி, ஒரு கிலோ தேங்காய்ப்பூவுக்கு ஒரு லீட்டர் இளஞ்சூடான தண்ணி விட்டுப் பிழிஞ்சு, மூடி வைக்கிறோம், புளிக்கிறப்போ பாலைக் கட்டி வச்சிருக்குற புரதம் திரிஞ்சு எண்ணெயை விட்டுரும். எண்ணெயைக் கிருமி செய்யல, விடுவிக்குது. உடம்புலயே எண்ணெய் சேர்க்குற ஈஸ்ட் வகையும் இருக்கு, யரோவியான்னு ஒண்ணு, அதெல்லாம் ஆய்வுகூட வேலை, நமக்கு வேணாம்.

பிரியலன்னு சொல்றவங்க முதல்ல பாக்க வேண்டியது, அது உண்மையிலயே பிரியலயா, இல்ல பிரிஞ்சு உறைஞ்சிருச்சா. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழ கட்டியாயிரும், நம்ம ஊர்ல ராத்திரி எல்லாமே கட்டி தான். காலையில திறந்து பாத்தா ஜாடி முழுக்க ஒரே வெள்ளையா இருக்கும், மனசு விட்டுப் போயிரும். ஒரு தங்கச்சி பண்டாரவளையில இருந்து அழாக்குறையாச் சொல்லிச்சு, மூணு தரம் மாட்டுக்கு ஊத்திட்டேன் அக்கான்னு. நாலாம் தரம் ஜாடியைச் சுடுதண்ணிச் சட்டியில அரை மணித்தியாலம் நிறுத்தி வைக்கச் சொன்னேன். மேல தயிர் மாதிரி ஒரு படை, அதுக்குக் கீழ கண்ணாடி மாதிரி எண்ணெய், அடியில புளிச்ச தண்ணின்னு கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நின்னுச்சு. மாடு தான் மூணு தரம் நல்லாச் சாப்பிட்டிருக்கு.

சூடாக்கியும் பிரியலயா? அப்ப புளிக்கவே இல்ல. இதுக்கு 35ல இருந்து 40 டிகிரி வேணும், இங்க வெளியில வச்சா நடக்காது. ரெஜிபோம் பெட்டியில 40 வொட் குண்டு பல்ப் ஒண்ணு போட்டு, பல்ப் பெட்டிச் சுவர்ல முட்டாம தகரத்தால மறைச்சு, தெர்மாமீட்டர் ஒண்ணு தொங்க விடுங்க. முட்டினா உருகி நாறும், பத்தவும் பாக்கும், பக்கத்துல ஆள் இல்லாம ராத்திரி முழுக்க எரிய விட வேணாம், ராத்திரிக்குச் சுடுதண்ணிப் போத்தல் வைங்க. இந்தச் சூட்டுல 16ல இருந்து 24 மணித்தியாலம் போதும். புளிப்பு தொடங்க ஒரு கரண்டி தயிர்த் தண்ணி, இல்லன்னா போன தரம் மிஞ்சின புளிச்ச தண்ணி சேருங்க.

அப்பிடியும் இல்லன்னா பாலைப் பாருங்க. ரெண்டாம் பால், மூணாம் பால்னு நீட்டி ஊத்தினா எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. இளசுத் தேங்காயா இருந்தா சொல்லவே வேணாம். பைக்கெட் பால், பால் மா எதுவும் வேணாம், அது பிரியாம இருக்கணும்னே பொருள் சேர்த்து செய்றது, ஒரு மாசம் வச்சாலும் பிரியாது. பிழிய முதல் கொதிதண்ணி ஊத்தியிருந்தாலும் நல்ல கிருமி செத்திருக்கும், தயிர்த் தண்ணி சேர்த்துத் திரும்ப வைங்க.

எண்ணெய் வந்தது, ஆனா கலங்கலா இருக்கு, புளிச்ச நாத்தம்

சூடாக்கினதும் தெளியுதுன்னா அது உறைஞ்சது தான், பிழை இல்ல. தெளியாம நிக்குதுன்னா உள்ள தண்ணி இருக்கு. சூடான தாச்சியில ஒரு துளி விடுங்க, படபடன்னு வெடிச்சா தண்ணி. எண்ணெய்ச் சட்டியை இன்னொரு தண்ணிச் சட்டிக்குள்ள வச்சு மெல்லிய நெருப்புல குமிழி நிக்கிற வரைக்கும் வைங்க, பிறகு காஞ்ச பருத்தித் துணியில வடிங்க. ஈரத் துணியில வடிச்சுட்டு ஏன் திரும்பக் கலங்குதுன்னு கேக்குறவங்களும் இருக்காங்க.

நாத்தம் லேசான புளிப்புன்னா கூட நேரம் வச்சுட்டீங்க, 36 மணித்தியாலம் தாண்டியிருக்கும், சமையலுக்கு ஆகும், வாசம் பாத்து விக்கிறவங்களுக்கு ஆகாது. சிக்குப் பிடிச்ச வாசம்னா பழைய மூடி, தேங்காயே முதல்ல கெட்டுப் போயிருக்கு, எதைச் செஞ்சும் திருத்த ஏலாது, விளக்குக்கு வச்சுக்கங்க.

கோவா இலை போட்ட பெரல் நாறுது, மாடு தின்ன மாட்டேங்குது

இது சுருக்கமா. நல்லாப் புளிச்ச தீனி ஊறுகாய் மாதிரி மணக்கணும், பிஎச் 4.2 அளவுக்கு இறங்கணும். வழுவழுன்னு வாந்தி வாசம் வந்தா ஈரம் கூடிப் போச்சு, கோவாவுல பத்துல ஒன்பது பங்கு தண்ணி தான், இந்த மூடுபனியில வாட வைக்கவும் ஏலாது. அடுத்த தரம் காஞ்ச புல்லு, வைக்கோல், தவிடு கலந்து மிதிச்சு மிதிச்சு அடைங்க, காத்து ஒரு விரல் இடம் கூட இருக்கக் கூடாது. பூஞ்சை பிடிச்சதை மாட்டுக்கும் குடுக்க வேணாம், முக்கியமா சினை மாட்டுக்கு.

லீக்ஸ் விசயத்துல மட்டும் கவனம். சந்தையில சும்மா கிடைக்குதுன்னு லீக்ஸ் இலையை அடைச்சு அடைச்சு வைப்பாங்க. வெங்காயச் சாதி மாட்டோட இரத்தத்தை உடைக்கும், புளிக்க வச்சாலும் அது போகாது. மாட்டு மூத்திரம் கோப்பித் தண்ணி நிறத்துல போனா தீனியை உடனே நிறுத்திட்டு கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்க. காலையில பாப்போம்னு விட வேணாம்.

கேன் ஊதிப் போய் நிக்குது, மூடி பறந்துருச்சு

முதல் கட்டத்துல காத்து போக வழி இல்லாம இறுக்கி மூடியிருக்கீங்க. ஊதின கேனை உடனே திறக்காதீங்க, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு, மேல ஈரச் சாக்கு போட்டு, மூடியைக் கால் சுத்து கால் சுத்தா விடுங்க. எங்க வீட்டுல ஒரு 5 லீட்டர் கேன் ராத்திரி ரெண்டு மணிக்கு வெடிச்சு, பக்கத்துக் காம்பராவுல (லயத்து அறையில) இருந்து அண்ணன் வெட்டுக் கத்தியோட ஓடி வந்தார், கூரைத் தகரத்துல அன்னாசித் தோல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடிப் போத்தலா இருந்திருந்தா சிரிச்சிருக்க மாட்டோம்.

பெரிய பெரலுக்கு இன்னொரு பயம். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாம் அடைச்ச அறையில நாலஞ்சு 200 லீட்டர் பெரல் வச்சா, நுரைக்கிறப்போ வர்ற கரியமில வாயு பாரம், தரையோட படிஞ்சு நிக்கும். உள்ள போனதும் தலை சுத்தினா, மூச்சு இழுத்தா, வெளிய வந்துருங்க, கதவை விரிய விடுங்க, தரை மட்டத்துல ஒரு ஓட்டையாவது எப்பவும் திறந்தே இருக்கணும். கழுவுறதுக்குன்னு பெரலுக்குள்ள தலையை விடுறது, பிள்ளைகளை இறக்குறது, அது வேண்டவே வேணாம், பெரலைச் சாய்ச்சு வெளிய இருந்து கழுவுங்க. யாராவது உள்ள விழுந்து கிடந்தா தூக்கப் போறேன்னு நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்காதீங்க, கதவைத் திறந்து விட்டுட்டு 1990 அம்புலன்சுக்கு கோல் எடுங்க.